பரணி பாடும் வரலாறு

வரலாற்றை எழுதப் புகுவோன் எந்த இலக்கிய வடிவத்தைக் கைக்கொள்கின்றானோ, அந்த வடிவமே அவன் எதைக் காண்பான், எதைக் காணாது விடுவான் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றது. போர்க்கதையாக எழுதப்படும் வரலாற்றில் தளபதிகள் தோன்றுவர். கோட்டைகளும் முற்றுகைகளும் சூழ்ச்சிகளும் தோன்றும். நெல் விளைவித்துப் படைக்குச் சோறிட்டவனும், வாள் வடித்த கொல்லனும், வரிச்சுமை தாங்காது ஊரைவிட்டோடிய குடியானவனும் அதில் தோன்றுவது அரிது. இவ்வுண்மையை நம் இலக்கிய மாணவர் பரணி நூல்களைப் பயிலும்போதே அறிந்துகொள்கின்றனர். ஆயின், இன்றைய கைத்தொழில் வரலாறுகளைப் படிக்கும்போது அதே அளவுகோலைக் கையில் எடுக்க நாம் தயங்குகின்றோம். ஆண்டுகளும் தொகைகளும் நிறைந்த நூலொன்றைக் கண்டதும், அதற்கும் ஓர் இலக்கிய வடிவம் உண்டு என்பதை மறந்து, வெறும் உண்மைத் தொகுப்பென்றே நம்பிவிடுகின்றோம்.

அத்தகைய நூல்களுள் இன்று உலகெங்கும் பெரிதும் பேசப்படுவது, அமெரிக்க வரலாற்றாசிரியரான கிறிஸ் மில்லர் 2022 ஒக்ரோபரில் வெளியிட்ட ‘சிப் வோர்’ என்னும் ஆங்கில நூல். தலைப்பைத் தமிழில் ‘சில்லு யுத்தம்’ எனலாம். கணினி, கைத்தொலைபேசி, மோட்டார் வாகனம், ஏவுகணை ஆகிய அனைத்தினுள்ளும் இருந்து இயங்குவது சில்லு. குறைகடத்தியாகிய சிலிக்கன் தகட்டின்மீது கோடிக்கணக்கான நுண்ணிய ஆளிகளைப் பதித்து அதனை ஆக்குகின்றனர். இப்பொருளை ஆக்கும் கைத்தொழிலுக்கு அரசுகள் வாரி வழங்கும் மானியங்களும், அதன் பொருட்டு அமெரிக்காவும் சீனாவும் நடத்தும் வர்த்தகப் பூசலும் நாள்தோறும் செய்தியாகின்ற காலம் இது. நூல் வெளிவந்த ஆண்டிலேயே பைனான்சியல் ரைம்ஸ் பத்திரிகையின் சிறந்த வணிக நூற் பரிசு அதற்குக் கிடைத்தமையில் வியப்பில்லை.

எமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் இந்நூலை முழுவதும் படித்துவிட்டு எம்மிடம் வந்தான். ‘சேர், இந்தச் சண்டையிலை நாங்கள் ஆற்றை பக்கம் நிக்கிறது?’ என்று கேட்டான். நாம் உடனே விடை கூறவில்லை. வினா நேர்மையானது. ஆனால் அவ்வினாவை அவன் மனத்தில் விதைத்தது எது என்று எண்ணிப் பார்க்கவேண்டியதாயிற்று. மில்லரின் நூலை மறுபடியும் படித்தபோது எமக்குத் தோன்றியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

நூலின் சிறப்புகளை முதலில் ஒப்புக்கொள்வது விமர்சனத்தின் கடமை. பௌதிகவியல் கல்லாதவனுக்கும் விளங்கும் வண்ணம் சிக்கலான தொழில்நுட்பத்தை மில்லர் எடுத்துரைக்கின்றார். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது முதல், ஒல்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் மாத்திரமே ஆக்கவல்ல அதீத புறஊதா ஒளி அச்சு இயந்திரம் வரை, எழுபத்தைந்து ஆண்டுக் கதையை அலுப்பின்றிச் சொல்கின்றார். ஒரு சில்லு முழுமை பெறுவதற்கு எத்தனை நாடுகளின் அறிவும் கைகளும் வேண்டும் என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய பொதுநூல் வேறு உண்டோ என்பது ஐயமே. சீனா எண்ணெய் இறக்குமதிக்குச் செலவிடுவதிலும் அதிகமாகச் சில்லு இறக்குமதிக்குச் செலவிடுகின்றது என்னும் ஒரு செய்தியால் மாத்திரம் உலக வர்த்தகத்தின் புதிய வடிவத்தை அவர் உணர்த்திவிடுகின்றார்.

ஆயின் அவர் இதனை எவ்வாறு கோத்திருக்கின்றார்? 2020ஆம் ஆண்டில் அமெரிக்கப் போர்க்கப்பலொன்று தாய்வான் நீரிணையைக் கடக்கும் காட்சியுடன் நூல் தொடங்குகின்றது. அடுத்து, இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே வளர்ந்த மூவர் அறிமுகமாகின்றனர்: பின்னாளில் யப்பானின் சோனி நிறுவனத்தை அமைத்த அகியோ மொரிற்றா, தாய்வானின் ரி.எஸ்.எம்.சி. நிறுவனத்தை அமைத்த மொறிஸ் சாங், இன்ரெல் நிறுவனத்தை நடத்திய அன்ரி குறோவ். அத்தியாயந்தோறும் ஒரு வீரன் எழுகின்றான், போட்டியாளனை வீழ்த்துகின்றான், அல்லது வீழ்கின்றான். நாடுகள் முன்னேறுகின்றன, பின்வாங்குகின்றன, முற்றுகையிடுகின்றன. வடிவத்தால் இது பரணிக்கு மிகவும் அண்மையிலுள்ள நூல். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி குலோத்துங்கனையும் அவன் தளபதி கருணாகரத் தொண்டைமானையும் பாடியது. இந்நூல் நிறுவனத் தலைவர்களையும் அவர்தம் அரசுகளையும் பாடுகின்றது.

யுத்தம் என்பது இங்கு உருவகம் மாத்திரமே எனக் கூறி நாம் மில்லரைத் தட்டிக்கழிக்க முடியாது. சில்லின் வரலாற்றில் குண்டும் ஏவுகணையும் உண்மையாகவே உள்ளன. ஜாக் கில்பி 1958இலும் றொபேட் நொய்ஸ் அதனையடுத்தும் ஒருங்கிணைந்த மின்சுற்றை ஆக்கியபோது, அதனை அன்றைய விலைக்கு வாங்க எந்த வணிகனும் முன்வரவில்லை. வாங்கியது அமெரிக்க அரசு. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்பொல்லோ கலத்தின் வழிகாட்டுக் கணினியும் மினிற்மான் அணுவாயுத ஏவுகணையுமே இக்கைத்தொழிலின் முதற் பெருஞ் சந்தையாயின. 1972இல் வட வியட்நாமின் தன் ஹோவா பாலத்தை வீழ்த்திய லேசர் வழிகாட்டும் குண்டு ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் ஆக்கம். மில்லர் இவற்றை மறைக்கவில்லை, விரிவாகவே எழுதுகின்றார். ஆனால் பாலம் வீழ்ந்த கதை அவர் எழுத்தில் ஒரு பொறியியல் வெற்றியின் கதையாகின்றது. பாலத்தின் மறுகரையில் வாழ்ந்த மக்கள் வெறும் குறியிலக்கின் பின்னணியாகி நின்றுவிடுகின்றனர்.

எனவே எமது குறை, அவர் யுத்தத்தைப் பற்றி எழுதினார் என்பதன்று. ஒரு கைத்தொழிலின் முழு வரலாற்றையும் யுத்தக் கதையாக வார்த்தபோது மூன்று வினாக்கள் நழுவிவிட்டன என்பதே. பணம் யாருடையது? இலாபம் யாருக்கு? உழைத்தவர் யார்? பரணியிலாவது போர்க்களத்தில் கூழ் அட்டு, பந்தியிருந்து உண்ட பேய்களைப் பற்றிய விரிவான கணக்கு உண்டு. சில்லு யுத்தத்தின் களத்தில் கூழ் உண்டவர் யார் என்பதை வாசகனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கின்றது.

முதலாவது வினாவை எடுத்துக்கொள்வோம். தடையற்ற சந்தையும் தனி மனிதத் துணிவுமே சில்லுக் கைத்தொழிலை வளர்த்தன என்பது கலிபோர்ணியா முதலாளிகள் தம்மைப் பற்றிக் கூறிவந்த கதை. மில்லரின் நூலிலுள்ள செய்திகளே இதனைப் பொய்யாக்குகின்றன. யப்பானிய அரசு 1976 முதல் 1980 வரை புஜிற்சு, ஹிற்றாச்சி, மிற்சுபிசி, என்.ஈ.சி., ரொசிபா ஆகிய ஐந்து பெரு நிறுவனங்களை ஒன்றிணைத்து, அரச பணத்துடன் கூட்டு ஆராய்ச்சி நடத்தியது. அதன் பயனாக யப்பானிய நினைவகச் சில்லுகள் அமெரிக்கச் சந்தையை நிரப்பியபோது, சந்தையின் புகழ் பாடிய அதே முதலாளிகள் வாஷிங்டனுக்கு ஓடினர். 1986இல் யப்பானுடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. 1987 ஏப்ரலில் றீகன் அரசாங்கம் 30 கோடி டொலர் பெறுமதியான யப்பானியப் பொருட்கள் மீது 100 வீதத் தீர்வை விதித்தது. அதே ஆண்டில் அமைக்கப்பட்ட ‘செமரெக்’ என்னும் நிறுவனக் கூட்டமைப்புக்கு ஆண்டுதோறும் 10 கோடி டொலர் அரச பணம் வழங்கப்பட்டது. அரசு சந்தையில் தலையிடலாகாது என உலகுக்குப் போதித்த ஆட்சியின் செயல் இது.

தாய்வானின் கதை இன்னும் தெளிவானது. உலகின் மிக நுட்பமான சில்லுகளிற் பெரும்பகுதியை இன்று ஆக்கும் ரி.எஸ்.எம்.சி. 1987இல் அமைக்கப்பட்டபோது, முதலீட்டில் ஏறத்தாழ 48 வீதத்தைத் தாய்வான் அரசு இட்டது. ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 27.5 வீதத்தை இட்டது. மீதியை உள்நாட்டுச் செல்வக் குடும்பங்கள் அரசின் வற்புறுத்தலின் பேரில் மனமின்றியே இட்டன. வெற்றி நிச்சயமில்லாத காலத்தில் ஆபத்தை ஏற்றவன் பொதுமகன். வெற்றி கைகூடிய பின்னர் அரசின் பங்கு படிப்படியாக விற்கப்பட்டு இன்று ஏறத்தாழ 6 வீதத்தில் நிற்கின்றது. மில்லர் இதனை மொறிஸ் சாங் என்னும் ஒரு மனிதரின் தீர்க்கதரிசனக் கதையாகவே கூறுகின்றார். சாங்கின் ஆற்றலை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வாற்றலுக்குக் களம் அமைத்துக் கொடுத்த வரிப்பணம் கதையில் ஒரு துணைப்பாத்திரமாகவேனும் உயிர்பெற்றிருக்க வேண்டாமா?

நூல் வெளிவந்த காலத்தையொட்டி நிகழ்ந்தவை இவ்வினாவை மேலும் கூர்மையாக்கியுள்ளன. 2022 ஓகஸ்ட் 9ஆந் திகதி அமெரிக்காவில் சில்லு, விஞ்ஞானச் சட்டம் கையொப்பமாயிற்று. அதன்படி 5270 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. அதில் 3900 கோடி உற்பத்தி ஆலைகளுக்கான மானியம். இதற்கு மேலதிகமாக முதலீட்டில் 25 வீத வரிச்சலுகை வழங்கப்பட்டது. 2025இல் அது 35 வீதமாக உயர்த்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2023 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்தது; அதன் இலக்குத் தொகை 4300 கோடி யூரோ. யப்பான் தன் கியூஷு தீவில் தாய்வான் நிறுவனத்தின் ஆலைக்குப் பெருந்தொகை வழங்கியது. இந்தியாவில், குஜராத்தில் அமையும் மைக்குறோன் நிறுவனத்தின் ஆலைச் செலவில் 50 வீதத்தை மத்திய அரசும் 20 வீதத்தை மாநில அரசும் ஏற்கின்றன. ஏழை நாட்டின் திறைசேரியும் செல்வ நாட்டின் திறைசேரியும் ஒரே சில நிறுவனங்களின் வாயிலில் ஏலம் கூறி நிற்கும் காட்சி இது.

கொடுத்தவர் பெற்றது யாது? இன்ரெல் நிறுவனத்தையே சான்றாகக் கொள்வோம். 2022 ஜனவரியில் அந்நிறுவனம் ஒஹாயோ மாநிலத்தில் மாபெரும் ஆலையை அறிவித்தது. 2025இல் உற்பத்தி தொடங்கும் எனக் கூறப்பட்டது. 2025 பெப்ரவரியில் அது 2030ஆம் ஆண்டுக்குப் பின்தள்ளப்பட்டது. 2024 ஓகஸ்டில் ஏறத்தாழ 15,000 பேரை வேலைநீக்கப் போவதாக நிறுவனம் அறிவித்தது. மூன்று மாதங்களின் பின், அவ்வாண்டு நவம்பரில், 786 கோடி டொலர் வரையிலான அரச மானியம் அதற்கு உறுதிசெய்யப்பட்டது. ஜேர்மனியின் மக்டபேர்க் நகரில் ஆலை அமைப்பதற்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி யூரோ தர அவ்வரசு இணங்கியிருந்தது. ஆயினும் 2024இல் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2025இல் முற்றாகக் கைவிடப்பட்டது. அங்கே பணம் கைமாறவில்லை என்பது உண்மையே. ஆனால் ஒரு நகரத்தின் இளைஞர் மூன்றாண்டுகள் கட்டிவைத்த நம்பிக்கைக்கு எந்தக் கணக்கேட்டில் இடமுண்டு?

2025 ஓகஸ்டில் இன்னொரு திருப்பம் நிகழ்ந்தது. கொடுத்த மானியத்துக்கும் கொடுக்கவிருந்ததற்கும் ஈடாக அமெரிக்க அரசு இன்ரெலின் ஏறத்தாழ 10 வீதப் பங்கை 890 கோடி டொலர் கணக்கில் பெற்றுக்கொண்டது. இதனைச் சோசலிசம் என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் சில அலறின. நம் நண்பருள்ளும் சிலர் அவ்வலறலை நம்பி மகிழ்ந்தனர். ஒப்பந்தத்தைப் பார்த்தால் மகிழ்வதற்கு இடமில்லை. அரசுக்கு இயக்குநர் சபையில் ஆசனம் இல்லை. நிருவாகத்தில் உரிமை இல்லை. சில விதிவிலக்குகள் தவிர, இயக்குநர் சபை காட்டும் திசையிலேயே வாக்களிக்க அரசு உடன்பட்டுள்ளது. தொழிலாளருக்கு அதில் எவ்வித இடமும் இல்லை. பொதுமக்கள் பங்குதாரராகி, வாய் பேசாதிருக்க இணங்கிய உடைமை இது. உடைமையின் பெயர் மாறுவதால் மாத்திரம் உற்பத்தி உறவு மாறிவிடுவதில்லை என்பதற்கு இதனிலும் எளிய பாடம் வேண்டுமோ?

இத்தனைக்கும் மக்கள் ஏன் கணக்குக் கேட்கவில்லை? இங்கேதான் யுத்தக் கதையின் தொழிற்பாடு விளங்குகின்றது. யுத்தகாலத்தில் கணக்குக் கேட்பவன் துரோகியாகின்றான். ‘தேசியப் பாதுகாப்பு’ என்னும் சொல் நுழைந்த இடத்தில் மானியம் செலவாகக் கருதப்படாது தியாகமாகக் கருதப்படுகின்றது. மில்லரின் நூல் வெளிவந்த அதே மாதம், 2022 ஒக்ரோபர் 7ஆந் திகதி, உயர்தரச் சில்லுகளையும் அவற்றை ஆக்கும் கருவிகளையும் சீனாவுக்கு விற்பதற்கு எதிரான அமெரிக்கக் கட்டுப்பாடுகள் பிறந்தன. இலக்கிய மொழியிற் கூறின் இது உழிஞை, அதாவது முற்றுகை. எதிர்த்தரப்பு நொச்சி சூடியது. 2023 ஓகஸ்டில் ஹுவாவே நிறுவனம் சீனாவிலேயே ஆக்கிய நுட்பச் சில்லுடன் புதிய கைத்தொலைபேசியை வெளியிட்டது. அதே மாதத்தில், சில்லாக்கத்துக்கு வேண்டிய கலியம், ஜேர்மானியம் ஆகிய உலோகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா அனுமதிப்பத்திர முறையைக் கொணர்ந்தது. ஒவ்வொரு தடையும் மறுபக்கத்தில் புதிய மானியத்துக்கு நியாயமாயிற்று. ஒவ்வொரு மானியமும் இப்பக்கத்தில் புதிய தடைக்கு நியாயமாயிற்று.

இப்பாதுகாப்பு எத்துணைப் புனிதமானது என்பதும் 2025இல் வெளிப்பட்டது. என்விடியா நிறுவனத்தின் குறித்தவொரு சில்லைச் சீனாவுக்கு விற்பது அவ்வாண்டு ஏப்ரலில் அனுமதியின்றி இயலாததாக்கப்பட்டது. ஓகஸ்டில், விற்பனை வருவாயில் 15 வீதத்தை அரசுக்குச் செலுத்தினால் அனுமதி கிடைக்கும் என்னும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. நாட்டின் உயிருக்கு ஆபத்து எனப்பட்ட பொருள் நான்கு மாதங்களில் சுங்கம் செலுத்திக் கடக்கும் சரக்காகியது. யுத்தக் கதையை நம்பிப் படித்தவனுக்கு இது புரியாத புதிர். இலாபத்தின் இயக்கத்தை நோக்குபவனுக்கு இதில் புதிர் எதுவுமில்லை.

இவ்விடத்தில் நம் அணியைச் சார்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை கூறவேண்டும். அமெரிக்க ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பவர் என்பதனால், மில்லரின் பரணியில் பாட்டுடைத் தலைவனை மாத்திரம் மாற்றிவிட்டு, சீனாவை வீரனாக்கிப் பாடும் போக்கு நம்மிடையே காணப்படுகின்றது. வறுமையிலிருந்து எழுந்த நாடொன்று தொழில்நுட்பம் கற்பதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்பதில் எமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் சீன அரசு 2014இல் அமைத்த முதலீட்டு நிதியின் வரலாற்றையும் நாம் படிக்கவேண்டும். அதன் மூன்றாங் கட்டத்துக்கு 2024 மே மாதத்தில் 34,400 கோடி யுவான் திரட்டப்பட்டது. இதற்கிடையில் வூஹான் நகரின் மாபெரும் ஆலைத் திட்டமொன்று சந்தைக்கு ஒரு சில்லும் தராமலே கைவிடப்பட்டது. அரச ஆதரவில் ஊதிப்பெருத்த சிங்ஹுவா யுனிகுறூப் 2021இல் கடனில் வீழ்ந்தது. 2022இல் நிதியின் பொறுப்பாளர் பலர் ஊழல் விசாரணைக்குட்பட்டனர். பொதுப்பணம், மூடிய அறை, கணக்கின்மை என்னும் மூன்றும் கூடிய இடத்தில் கொடியின் நிறம் எதுவாயினும் விளைவு ஒன்றாகவே இருக்கின்றது.

மூன்றாவது வினா உழைப்பைப் பற்றியது. மில்லரின் நூலில் ஓர் அத்தியாயம் பெண் தொழிலாளரைப் பற்றியது என்பதை நன்றியுடன் குறிப்பிடவேண்டும். பெயர்சைல்ட் நிறுவனம் 1963இல் ஹொங்கொங்கில் சில்லுப் பொருத்தும் ஆலையைத் திறந்தது. அங்கே மணித்தியாலத்துக்கு 25 சதம் கூலி. அமெரிக்கக் கூலியின் பத்திலொரு பங்கு அளவே அது. பெண்களின் சிறிய விரல்கள் நுண்ணிய வேலைக்கு உகந்தவை, அவர்கள் தொழிற்சங்கம் கேளார் என்னும் எண்ணமே அவர்களை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் என்பதையும் நூல் ஒளிக்கவில்லை. ஆனால் அவ்வத்தியாயம் முடிந்ததும் அப்பெண்கள் மேடையை விட்டு அகன்றுவிடுகின்றனர். கதை மறுபடி தளபதிகளிடம் செல்கின்றது. ஆலைகள் நாடு விட்டு நாடு பெயர்வதற்குக் காரணமாய் அமைந்த அவ்விரல்கள் அதன்பின் நூலின் மையக் கதையை நடத்துவதில்லை.

அவற்றைப் பின்தொடர்ந்து சென்றிருந்தால் வேறொரு வரலாறு கிடைத்திருக்கும். அதே பெயர்சைல்ட் நிறுவனம் அமெரிக்காவின் சிப்றொக் என்னுமிடத்தில் நவஹோ பழங்குடிப் பெண்களைக் கொண்டு ஆலை நடத்தியது. 1969இல் அது வெளியிட்ட பிரசுரமொன்றில் நவஹோ கம்பளத்தின் கோலமும் சில்லின் கோலமும் ஒப்பிட்டுக் காட்டப்பட்டன. மண்ணின் கலை மலிவான உழைப்புக்கு விளம்பரமாயிற்று. 1975இல் வேலைநீக்கத்தை எதிர்த்துப் பழங்குடி இயக்கத்தினர் ஆலைக்குள் புகுந்து அமர்ந்தபோது, நிறுவனம் ஆலையையே மூடிவிட்டது. மலேசியாவின் பினாங்கில் 1972இல் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. இன்ரெல் அவ்வாண்டே அங்கு சென்றது. கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள் நாள் முழுவதும் உருப்பெருக்கியில் கண்பதித்து மயிரிழைக் கம்பிகளைப் பொருத்தினர். மின்னணுத் தொழிலாளர் நாடளாவிய சங்கம் அமைக்க நெடுங்காலம் அங்கே இடமளிக்கப்படவில்லை.

தென்கொரியாவில் சாம்சுங் நிறுவனத்தின் கிஹுங் ஆலையில் பள்ளி முடித்த கையோடு சேர்ந்த ஒரு பெண், இரசாயனக் கரைசல்களில் சிலிக்கன் தகடுகளைத் தோய்த்தெடுக்கும் வேலை செய்தாள். 2007இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்த அவள் தந்தை நீதி கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடினார். அவரைச் சுற்றி நோயுற்ற பிற தொழிலாளரும் திரண்டனர். 2018 நவம்பரிலேயே நிறுவனம் பகிரங்க மன்னிப்புக் கோரி இழப்பீட்டுக்கு உடன்பட்டது. பதினொரு ஆண்டுகள்! இதனினும் நீண்ட முற்றுகை சில்லு யுத்தத்தில் வேறெது? அதே நிறுவனத்தில் 2024இல் அதன் வரலாற்றிலேயே முதல் வேலைநிறுத்தம் நடைபெற்றது. இவையும் சில்லின் வரலாறே. பரணி வடிவத்துள் இவை அடங்காமையினால் இவை வரலாறு அல்லாமற் போய்விடா.

யுத்தக் கதை தொழிலாளரைத் தம்முள்ளே பிளக்கவும் பயன்படுகின்றது. அரிசோனாவில் தாய்வான் நிறுவனம் கட்டும் ஆலைக்கு 660 கோடி டொலர் அமெரிக்க மானியம் உண்டு. 2023இல் வேலை தாமதமானபோது, உள்ளூரில் திறமையுள்ளோர் போதாது எனக் கூறித் தாய்வானிலிருந்து தொழிலாளரைக் கொணர நிறுவனம் முயன்றது. அமெரிக்கச் சங்கங்கள் வெகுண்டன. இரு நாட்டு உழைப்பாளரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். அவ்வாண்டு டிசெம்பரில், பயிற்சி, பாதுகாப்பு ஆகியன குறித்துக் கட்டடத் தொழிலாளர் சங்கங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. கொடிகளின் பெயரால் மூண்ட சண்டை, சங்கத்தின் மேசையில் அமர்ந்தபோதே தணிந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இக்கதையில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு மூலை உண்டு. கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. 1980களின் முற்பகுதியில் அமெரிக்கச் சில்லு நிறுவனங்கள் இரண்டு அங்கே ஆலை அமைக்க முன்வந்தன. 1983 யூலை வன்செயல்களைத் தொடர்ந்து அவை விலகிக்கொண்டன. பினாங் ஆகியிருக்கவேண்டிய வாய்ப்பை இனவெறி எரித்தது என்று நம் பொருளியலாளர் இதனைக் கூறுவர். அது உண்மையே, இனவெறியின் கணக்கில் எழுதப்படவேண்டிய மற்றுமோர் இழப்பே அது. ஆயினும் அவ்வாலைகள் வந்திருந்தால் எந்த நிபந்தனையில் வந்திருக்கும் என்ற வினாவையும் உடன் கேட்கவேண்டும். அதே வலயத்தின் ஆடை ஆலைகளில் நம் சகோதரிகள் பெற்ற அனுபவம் அதற்கு விடை கூறும்.

அப்படியாயின் அரசு இக்கைத்தொழிலுக்குப் பணம் கொடுத்தலே தவறு என்பது எமது முடிபோ? இல்லை. இந்நூலின் செய்திகள் அனைத்தும் எதனை நிறுவுகின்றனவெனில், பொதுப்பணமும் பொது அறிவும் இன்றி இக்கைத்தொழில் எங்கும் பிறக்கவில்லை என்பதையே. பொதுமக்கள் பெற்றெடுத்த பிள்ளை மீது பொதுமக்களுக்கு உரிமை உண்டு. மானியத்துக்கு ஈடாகக் குரலுள்ள உடைமை, பகிரங்கக் கணக்கு, தொழிலாளருக்குச் சங்க உரிமை, அவர் கையாளும் இரசாயனங்களின் பெயரை அறியும் உரிமை, தோல்வியுற்றால் பணம் திரும்பும் ஏற்பாடு ஆகியவற்றைக் கோருவதே முற்போக்காளர் கடமை. அமெரிக்கச் சட்டத்தின் கீழேயே பெரும் மானியம் பெறுவோர் குழந்தைப் பராமரிப்புக்கு வழிசெய்யவேண்டும் என்னும் நிபந்தனை ஒரு கட்டத்தில் இடம்பெற்றது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சிறு சான்று. கேளாதிருக்கச் செய்வதே யுத்தக் கதை.

பறம்புமலையை மூவேந்தரும் முற்றுகையிட்ட கதை நம் இலக்கியத்தில் உண்டு. வென்ற மூவரின் பெருமிதத்தை இன்று எவரும் நினைவுகூர்வதில்லை. தந்தையையும் குன்றையும் இழந்து நின்ற இரு மகளிரின் குரல் வாயிலாகவே அம்முற்றுகை நமக்கு வரலாறாகியுள்ளது. சங்கச் சான்றோர் புறத்தினுள் கையறுநிலைக்கும் இடமளித்தனர். மில்லரின் நூல் படிக்கத்தக்கது. நம் மாணவர் கட்டாயம் படிக்கவேண்டியது. ஆனால் அதன் பக்கங்களில் விடுபட்ட குரல்களைத் தாமே சேர்த்துப் படிக்கவேண்டியது.

எமது மாணவனுக்கு மறுநாள் விடை கூறினோம். அவன் கையிலிருந்த தொலைபேசியைச் சுட்டி, ‘இதனை வடிவமைத்தவர் எந்த நாட்டவர், விற்றவர் எந்த நாட்டவர் என்று நூல் உனக்குக் கூறிவிட்டது. இதன் கம்பிகளைப் பொருத்தியவள் எந்த ஊராள், அவளுக்கு என்ன கூலி, அவள் உடல்நிலை எப்படி என்று நீ தேடிப்பார். தேடி முடிந்ததும் நாங்கள் யாருடைய பக்கம் என்ற கேள்விக்கு வருவோம்’ என்றோம். அவன் ஒரு கொப்பியைத் திறந்து முதல் வினாவை எழுதிக்கொண்டான்.